தச்சர் காதில் ஒரு திருகாணி

வலக்காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னத் திருகாணியைப் பதித்து, அதில் கேட்கும் கருவியை மாட்டிவிட்ட நாளிலிருந்து தச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடவுள் புண்ணியத்தில் மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தம், மழைச் சத்தம், மனைவியின் முணுமுணுப்பு எல்லாமே கேட்டன. "நான் மரத்துல திருகாணி ஏத்துனேன், டாக்டரம்மா என் தலையில ஏத்திட்டாங்க!" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு திருகாணியைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியது. மருந்து தடவியும் அடங்கவில்லை.

"இப்படியே போனா திருகாணியைக் கழட்டணும். அங்க ஏதாவது உரசுதா?" என்றார் டாக்டரம்மா.

"சாமி சத்தியமா ஒண்ணும் படல!" என்று தச்சர் வேகமாகத் தலையை ஆட்டினார். வலக்காதின் இடுக்கிலிருந்து அளவு குறிக்கும் பென்சில் நழுவி மேசையில் உருண்டது.

"காலையிலேர்ந்து இதைத் தேடச் சொல்லித்தானே என் உசிரை வாங்குனீங்க!" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல், "இனி இடது காதுல வைங்க, ஆறிடும்" என்றார்.

தோல் ஆறியது, திருகாணியும் தப்பியது. பழக்கத்தில் பென்சிலோடு கை வலப்பக்கம் போனால் போதும், "இடது பக்கம்!" என்று மனைவி அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"கேக்குதுடி, நல்லாவே கேக்குது!" என்று தச்சர் பூரித்துப் போவார்.