பெயரும் ஊரும் சொல்லி

பரணைச் சுத்தம் செய்தபோது பழைய மைக் ஒன்றின் பஞ்சு உறை கைக்கு வந்தது. தொட்டதும் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன், மக்கிய வாடைக்கு அடியில் சிமெண்டுத் தூசியின் வாசனை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு தூசி எங்கே இருக்கப்போகிறது, சொல்லுங்கள்! மூக்குக்கு மட்டும் இது புரிவதில்லை.

துபாய்க்கு அந்தப்பக்கம் ராஸ் அல் கைமாவில் நான் தமிழ் வானொலியில் இருந்த காலத்து மைக் அது. வானொலி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வேறொருவர் நிலையத்தில் மாலையில் ஒரு மணி நேரம் வாடகைக்கு. செய்தி வாசிப்பவன், டேப் சுற்றுபவன், டீ வாங்கி வருபவன் எல்லாம் நானே. கூட வேலை பார்த்தவள் ஃபரீதா, கீழக்கரைப் பெண். அவள் வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. எங்கள் செய்திக்கு யாரும் காத்திருந்ததில்லை. நேயர் விருப்பத்துக்குத்தான் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதிலும் பாட்டைவிட, அதற்கு முன் நாங்கள் வாசிக்கும் பெயர்களுக்கு: இன்ன ஊர் இன்னார், அவர் மனைவி, மகள், ரூம் நண்பர்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் மறுநாள் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஊரில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் செய்தியைப் பக்கம் சாயாமல் சொல்ல எங்களைப் பழக்குவதற்காக, முதலாளி கொழும்பிலிருந்து சிவபாலன் என்ற ஓய்வுபெற்ற ஒலிபரப்பாளரை வரவழைத்தார். நல்ல மனிதர். ஸ்டாப்வாட்ச்சும் கையுமாகவே இருப்பார். என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "தம்பி, உமக்குப் பிடிச்ச கட்சி வரேக்க குரல் சிரிக்குது" என்றார். எனக்கு மானம் போயிற்று. ஃபரீதாவுக்கு வேறு பாடம்: "பேர் இல்லாத கதை வதந்தி, பிள்ளை. ஆர் சொன்னது, எந்த ஊர், ரெண்டும் வரவேணும்." நாங்கள் சிரித்துக்கொண்டோம். பெயரும் ஊரும் வாசிப்பதில் எங்களுக்கா பாடம்!

பயிற்சிக்காக ஃபரீதா சிமெண்ட் ஃபாக்டரி கேம்பில் பேட்டி எடுத்தாள். ஆளுங்கட்சியை மெச்சியவர்களும் திட்டியவர்களும் ஒரே அளவு வருமாறு வெட்டி ஒட்டினோம். திட்டியவர்களில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்து முருகேசன், வாராவாரம் மனைவிக்குப் பாட்டுக் கேட்பவர். "எங்க எம்.எல்.ஏ. ஜெயிச்சப்புறம் எட்டிக்கூடப் பாக்கல. தண்ணிக்கு எம் பொண்டாட்டி பக்கத்தூருக்கு நடக்குறா." வழக்கம்போலத் தன் பெயர், ஊர், மனைவி பெயர் எல்லாம் அவரே சந்தோஷமாகச் சொன்னார். அப்படியே ஒலிபரப்பினோம். "இதுதான் பக்கம் சாயாத செய்தி" என்று சிவபாலன் ஃபரீதாவைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை முருகேசன் நிலையத்துக்கே வந்துவிட்டார். கேம்பில் இருந்த அவர் ஊர்க்காரன் எவனோ எம்.எல்.ஏ. ஆட்களுக்கு ஃபோன் போட்டிருக்கிறான். முருகேசன் மனைவி பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லிருங்க மேடம். அத வச்சாவது அவ வேலையத் திருப்பிக் கேப்பேன்."

ஃபரீதா சிவபாலனைப் பார்த்தாள்.

"சொன்னவர்தானே? இல்லையெண்டு போட்டா நாங்கள் பொய் சொன்னதாப் போகும்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் பேசுனாங்க சார். வேலை போனது ஒரு பக்கத்துக்கு மட்டும்தானே? இதுல என்ன நியாயம்?" என்றாள் ஃபரீதா.

மறுப்பு ஒலிபரப்பாகவில்லை. கொடுத்த டீயைத் தொடாமல் முருகேசன் எழுந்து போனார். சிவபாலன் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் என் புத்தி சொல்கிறது. மனசுதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை.

அடுத்த நேயர் விருப்பத்துக்கு முதல் ஃபோன் கேம்பிலிருந்து வந்தது. குரலிலேயே தெரிந்தது, முருகேசன்.

"பாட்டு மட்டும் போடுங்க சார். பேரு வேணாம்."

"ராஸ் அல் கைமாவிலிருந்து ஒரு நேயர், தன் மனைவிக்காக" என்று ஃபரீதா வாசித்தாள். அடுத்து அழைத்தவரும் பெயர் வேண்டாமென்றார். அதற்கடுத்தவரும். பிறகு எங்கள் ஒரு மணி நேரமும் ஒருநாள் நின்றுபோனது. ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளின் பெயரைக் கடல் தாண்டி வந்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆண்கள், அதற்கு வெகு முன்பே வாயை மூடிக்கொண்டுவிட்டார்கள்.