பாதி மூட்டு

தையல்காரம்மா சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற ஆள் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் இடது முழங்கால் தேய்ந்தது. மூட்டின் உள்பக்கம் மட்டும்தான் கெட்டிருக்கிறது, பாதியை மாற்றினால் போதும் என்றார் டாக்டர். அவளுடைய தையல் கடையிலேயே துணி வெட்டுகிற கணவருக்கு மனசு ஒப்பவில்லை.

"மாத்துறதே மாத்துறோம், முழுசா மாத்திடலாமே. மறுபடி இங்க வந்து நிக்கக் கூடாது பாரு."

"லைனிங் கிழிஞ்சா லைனிங்கைத்தான் மாத்துவாங்க. கோட்டு முழுசையுமா தூக்கிப் போடுவாங்க?"

முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் ஜெயித்த விவாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதிலும் அவள்தான் ஜெயித்தாள். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் மிதி மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்து, அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் முட்டியைத் தட்டிக் காட்டினாள். மோட்டார் மெஷின் அவளுக்கு ஆகாது. துணி தன் காலுக்குக் கட்டுப்பட்டு ஓட வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்து, எழுந்தால் முட்டிக்குக் கீழே சுருக்கென்றது. சொன்னால் கணவர் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. மாத்திரையைப் பட்டன் டப்பாவில் ஒளித்துவைத்தாள், வலது காலால் மட்டும் மிதித்தாள். ஒரு காலர்கூடக் கோணவில்லை.

போன வாரம் கடைப் படியில் இறங்கும்போது கால் மடங்கி விழுந்தாள்.

எக்ஸ்ரேயில், ஆபரேஷனில் எலும்பின்மேல் ஒட்டிய உலோகத் தகடு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"தகடு கழண்டு எலும்பை அமுக்கியிருக்கும்மா. முன்னாடியே வந்திருந்தா எலும்பு இவ்வளவு போயிருக்காது. இனி முழு மூட்டும் மாத்தணும். பழையபடி மெஷின் மிதிக்க முடியுமான்னு என்னால சொல்ல முடியாது. வலி எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா" என்றாள்.

"எட்டு மாசமா" என்றார் பின்னால் நின்ற கணவர்.

அவள் சட்டென்று திரும்பினாள்.

"ஒத்தக் கால்ல மிதிச்சா மெஷின் சத்தம் விட்டு விட்டுத்தான் வரும். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏங்க பேசாம இருந்தீங்க?"

"கேட்டா, குத்திக் காட்டுறேன்னு நினைப்பியேன்னுதான்."

டாக்டர் சீட்டில் எட்டு மாதம் என்று எழுதிக்கொண்டார்.

"முழுசாவே மாத்திடுங்க டாக்டர்" என்றாள் அவள்.

கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்தவர் முகம் இல்லை அது.