டவர் போவதற்குள் ஓர் அதிகாரம்

புத்தாண்டுப் பூசை முடிந்து வரும்போதெல்லாம் எனக்கு ஒரே வைராக்கியம்தான்: இந்த வருசம் தினமும் பைபிள் வாசித்தே தீருவேன். பொங்கலுக்குள் அது கரைந்துவிடும். காலையில் குழாயில் தண்ணீர் வரும். மகளுக்குப் பள்ளிக்கூடச் சோறு கட்ட வேண்டும். கையைக் கழுவியதும் கருவாட்டைக் காயப்போட ஓட வேண்டும். மத்தியானம் புத்தகத்தைத் திறந்தால் நாலு வரிக்குள் கண் சொக்கிவிடும்.

என் வீட்டுக்காரர் பாம்பனில் விசைப்படகு ஓட்டுகிறார். இன்று காலையில் கிளம்பினால் நாளைக் காலையில்தான் கரை. ஒருநாள் கிளம்பும்போது அலமாரியில் இருந்த பைபிள்மேல் விரலை வைத்து இழுத்தார். கோடு விழுந்தது.

"வாசிக்காட்டியும் பரவாயில்ல புள்ள, தூசி தட்டவாச்சும் தெனம் எடு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. அவர் படகேறியிருப்பார் என்று தெரிந்ததும் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் குரல் பதியும் பொத்தானை அழுத்திக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். அண்ணன்மாரெல்லாம் சேர்ந்து சொந்தத் தம்பியைக் குழியில் தள்ளும் கதை அது. கடலுக்குள் கொஞ்ச தூரம்வரைதான் டவர் கிடைக்கும். அதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று, தம்பி குழிக்குள் கிடக்கும்போதே நிறுத்தி அனுப்பிவிட்டேன். இரண்டு டிக் விழுந்ததும், பரீட்சையில் பாஸானவள் மாதிரி அடுப்படியில் நின்று கை தட்டினேன்.

மறுநாள் படகு கரைக்கு வந்தபோது மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் படகில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், கயிறு கட்டுமுன்னே மேலிருந்து கத்தினார்: "ஏந்தாயி! அந்தப் பயலக் குழியிலருந்து தூக்குனாங்களா இல்லையா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்காரர்தான் சொன்னார்: "வலைய இறக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தோம். உன் குரலப் போட்டுவிட்டேன். இந்தாளு திரும்பத் திரும்பப் போடச் சொல்லிட்டாரு."

அந்த அண்ணன் கமுதிப் பக்கத்துக்காரர். மிளகாய்க் காட்டில் வளர்ந்தவர். எங்கள் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. அவர் கும்பிடுவது அவருடைய குலசாமியை. ஆனால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட வைத்து, படகு ஆட்களையெல்லாம் அதில் சேர்த்துவிட்டார். "தெனமும் அனுப்பணும் தாயி. பாதியில விட்டுட்டுப் போனா எங்களுக்கு வேலை ஓடாது."

அதற்குப் பிறகு என் காலை மாறிப்போனது. அலாரம் வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்க் குடம் நிறையும்போதே இன்றைக்கு என்ன வரும் என்று மனசு பறக்கும். சத்தமாக வாசிப்பதற்கு முன்னால் ஒருதரம் மனசுக்குள் வாசிப்பேன். எந்த இடத்தில் நிறுத்தினால் அவர்கள் தவிப்பார்கள் என்று பார்ப்பேன். அப்படிப் பார்க்கப் பார்க்க, சின்ன வயதிலிருந்து கேட்ட கதையே புதிதாகத் தெரிந்தது. தம்பியைக் குழியில் தள்ளிவிட்டு அண்ணன்மார் உட்கார்ந்து சாப்பிட்டார்களாமே! இத்தனை வருசத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. வாசித்து முடித்ததும் போனை ஓரமாக வைத்து, அவர்கள் பத்திரமாகக் கரை சேர இரண்டு வார்த்தை ஜெபிப்பேன். அந்த ஜெபத்தை நான் பதிவு செய்ததில்லை. அது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கரையில் நின்றது. கமுதி அண்ணனும் ஊருக்குப் போய்விட்டார். இனி யாருக்காக வாசிக்க என்று முதல்நாள் சோம்பிப் படுத்திருந்தேன். போன் அடித்தது.

"தாயி, இன்னைக்கு வரலையே?"

"படகுதான் போகலையேண்ணே."

"படகு நின்னா கதையும் நிக்கணுமா? இங்கன டவர் நல்லாத்தான் இருக்கு!"

எழுந்து உட்கார்ந்து அப்போதே வாசித்தேன். முகம்கூடக் கழுவவில்லை.

சில நாளில், தம்பி பெரிய அதிகாரியாகி, தானியம் கேட்டு வந்த அண்ணன்மார் முன்னால் தன்னை இன்னார் என்று சொல்லி அழுகிற இடம் வந்தது. அன்றைக்கு எங்கேயும் நிறுத்தவில்லை. ஒரே மூச்சில் வாசித்து அனுப்பினேன். குரூப்பில் ஆளாளுக்குக் கைதட்டலாகப் போட்டார்கள்.

சாயங்காலம் கமுதி அண்ணன் கூப்பிட்டார். "ஒன்கிட்ட சொன்னதில்ல தாயி. காட்டுப் பங்குத் தகராறுல எனக்கும் எங்க அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அதுக்குத்தான் கடலுக்கே வந்தேன். இன்னைக்கு இத அவரு வீட்டு வாசல்ல நின்னு போட்டுக் காட்டுனேன்."

"ஐயோ, என்ன சொன்னாரு?"

அவர் சொல்லுமுன்னே போனுக்குள் இன்னொரு ஆம்பளைக் குரல் குறுக்கே வந்தது: "அந்தப் புள்ளகிட்ட மொதல்லருந்து அனுப்பச் சொல்லுடா. கடைசி மட்டும் கேட்டா எனக்கு என்ன வெளங்கும்?"

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய், "என்னடி ஆச்சு?" என்று ஓடி வந்தார். சைகையிலேயே போனைக் காட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் தம்பி கதையின் முதல் அதிகாரத்தை எடுத்து, கமுதி அண்ணனின் அண்ணனுக்காக மெதுவாக ஆரம்பித்தேன். குரூப்புக்குப் புது அதிகாரம், அவருக்குப் பழையது. இப்போது என் காலையில் இரண்டு வாசிப்பு. நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று மகள் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. கருவாடு கொஞ்சம் தாமதமாகக் காய்கிறது, அவ்வளவுதான்.