அடித்த கோடு நிற்குமா?

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகப் பிராணி. அது அவளுக்கும் தெரியும், வருத்தமில்லை. லிஃப்ட் வந்து நின்றாலும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பாள். நாங்கள் எழுதும் மென்பொருளில் ஓட்டை தேடுவது அவள் வேலை. அதற்கென்றே பிறந்திருக்கிறாள் என்று பக்கத்து நாற்காலிக்காரனான எனக்கு அடிக்கடி தோன்றும்.

அப்போது ஒரு மருத்துவமனைக்கு, நோயாளிகளைப் பற்றிய குறிப்பு எழுதும் இணையச் செயலி செய்துகொண்டிருந்தோம். அதற்குள் வைக்க ஓர் எடிட்டர் வேண்டும். எழுதுவது, எழுத்தைத் தடிமனாக்குவது, கோடு போடுவது எல்லாம் நடக்கிற பெட்டி அது. டாக்டர்கள் கணினியில் எழுதுவார்கள், நர்ஸுகள் போனில் எழுதுவார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். நாங்களே செய்தால் வருஷம் ஓடிவிடும் என்பதால் விலைக்கு வாங்குவதாக முடிவாயிற்று.

விற்க வந்தவர் தேனொழுகப் பேசினார். அவர் காட்டிய எடிட்டரும் அவ்வளவு அழகு. மேனேஜர் வாயைப் பிளந்துவிட்டார், நானும்தான். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்றார் மேனேஜர்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு சார். அதான் பயமா இருக்கு."

பயத்துக்குக் காரணம் இருந்தது. செயலி முதலில் ஓடப்போகிற வார்டில் அவள் தங்கைதான் நர்ஸ். அந்த மருத்துவமனையில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது. ஒரு மருந்தை நிறுத்தினால் அதன் பெயர் மேல் டாக்டர் கோடு அடிப்பார், பெயர் அப்படியே தெரியும். கோடு இருந்தால் கொடுக்கக் கூடாது, இல்லையென்றால் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அவள் கணினியில் ஒரு மருந்தின் பெயரை எழுதிக் கோடு அடித்தாள். போனில் திறந்தாள். கோடு இருந்தது.

"பாத்தீங்களா மேடம்?" என்று விற்பனையாளர் சிரித்தார்.

அவர் சிரித்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. பழைய போன், புதுப் போன், உடைந்த போன் என்று நாள் கணக்கில் நோண்டினாள். வேலை தள்ளிப்போய் எனக்கு எரிச்சலாக வந்தது. "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று அவள் காதுபடவே சொன்னேன்.

"என் தங்கச்சி குறிப்பைச் சும்மா பாத்துட்டுப் போகமாட்டா" என்றாள் திடீரென்று. "கீழ ஒரு வரி சேர்ப்பா."

போனில் திறந்து 'காய்ச்சல் இல்லை' என்று ஒரு வரி சேர்த்துச் சேமித்தாள். கணினிக்குத் திரும்பிப் பார்த்தோம். கோட்டைக் காணோம். போனில் ஓடிய எடிட்டருக்குக் கோட்டைக் காட்டத் தெரியும், சேமிக்கத் தெரியாது. டாக்டர் நிறுத்திய மருந்து, கொடுக்க வேண்டிய மருந்தாகப் பளிச்சென்று நின்றது.

விற்பனையாளரை வரவழைத்துக் காட்டினோம். "அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடுவோம்" என்றார்.

மேனேஜருக்கும் அதைக் கைவிட மனசு வரவில்லை. "அதுவரைக்கும் நர்ஸுங்களைக் கொஞ்சம் பாத்து எழுதச் சொல்லலாமே?"

அவள் எழுந்துவிட்டாள். "மாத்திரை தப்பாப் போனா எடிட்டரையா கூப்பிட்டு விசாரிப்பாங்க? என் தங்கச்சியைத்தான் நிக்க வெப்பாங்க. அதுக்குள்ள படுக்கைல இருக்கறவங்க கதி?"

மேனேஜர் விற்பனையாளரை அனுப்பிவிட்டார். பிறகு பார்க்கச் சகிக்காத வேறோர் எடிட்டரை வாங்கினோம். அவள் அதை எவ்வளவு போட்டு உருட்டியும் அடித்த கோடு அடித்தபடியே இருந்தது.

செயலி ஓடத் தொடங்கிய அன்று காலை தங்கை போன் செய்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அக்கா, எந்த மகராசன் இந்தக் கண்றாவியை வாங்கினான்? பட்டன் ஒவ்வொண்ணும் செங்கல் மாதிரி இருக்கு."

"கோடு நிக்குதா?"

"நிக்குது."

"ஒரு வரி சேர்த்து சேவ் பண்ணினியா?"

"பண்ணிட்டேன்க்கா. நிக்குது. உயிரை வாங்காத, வேலை கிடக்கு."

போனை வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேனேஜரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கோட்டைத் தன் கண்ணால் பார்க்க மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.