சிவப்பு வளையம் போட்ட ஹோஸ்

என் மேசையில், நாட்குறிப்புகள் வரிசையாக நிற்கும் மூலையில், ஒரு சாண் நீளமுள்ள கறுப்பு ரப்பர் ஹோஸ் துண்டு இருக்கிறது. உள்ளே இரண்டு விரல் நுழையும். நடுவில் சிவப்புப் பெயின்டால் ஒரு வளையம் வரைந்திருக்கும். விரிசல் இல்லை, வீக்கம் இல்லை. கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் தட்டையாகும். விரலை எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி உருண்டையாகிவிடும். கொண்டாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வரும் அலுவலக நண்பர்கள் யாராவது இதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்பார்கள். ஒரு சனிக்கிழமையை முழுதாகச் சொன்னால்தான் பதில் சொன்னதாகும். அன்று பதினொரு மணி இருபது நிமிடத்திலிருந்து நான்கு மணிவரை என் குறிப்பேட்டில் எட்டுப் பக்கங்கள் உள்ளன.

இதற்குச் சிவப்பு வளையம் போட்டவர் என் மனைவியின் அக்கா. நான் திருநெல்வேலிக்காரன், அதனால் எனக்கு அவர் மதினி. அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு அவருடைய வேலை மதினிக்குக் கிடைத்தது. பணிமனையில் ஃபிட்டர், ரயில் பெட்டிகளின் பிரேக் ஹோஸ்களைச் சோதிக்கும் பிரிவு. நான் சொல்லும் சனிக்கிழமை அன்று அவருக்கு அந்த வேலையில் பத்தொன்பது வருடம் முடிந்திருந்தது. எண்ணெய்க் கறை படாமல் புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கறுத்த விரல்களால் ஒரு ரப்பர் குழாயை இரண்டு முறை வளைத்துப் பார்த்துவிட்டு, இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். நான் மென்பொருள் சோதிக்கிறவன். எதையும் எழுதி வைக்காமல் என்னால் நம்ப முடியாது. என் குறிப்பேட்டைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். “தம்பி தண்ணி குடிச்சாக்கூட மணி போட்டு எழுதுவார்” என்று என் எதிரிலேயே சொல்வார்.

அப்போது என் மகளுக்குப் பதினோரு வயது. ஹுசேன் சாகர் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். குழந்தைகளின் படகுகள் கவிழ்ந்தால் ஓடிப்போய்த் தூக்க ஒரு மோட்டார் படகு கரையில் தயாராக நிற்க வேண்டும். அது இல்லாமல் பந்தயம் கிடையாது. படகுச் சங்கத்திடம் இருந்தது ஒரே ஒரு பழைய ஃபைபர் படகு. அதன் எஞ்சின் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி எடுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வகை. அதன் ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் வெடித்துப் போயிருந்தன. வந்து பார்த்த மெக்கானிக், படகையே கழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு காலையில் குழந்தைகளின் முதல் பந்தயம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமை நான்கு மணிக்குள் படகு பத்து நிமிடம் முழு வேகத்தில், சூடு ஏறாமல் ஓடிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பந்தயம் ரத்து. அவசரப்பட்டுக் கை தூக்கி, நான் பொறுப்பு என்று சொன்னது நான்தான். பதினொரு குழந்தைகள் ஒரு மாதமாக அந்தப் பந்தயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த எஞ்சின் படத்தை லாலாகுடாவில் ஒரு மதியச் சாப்பாட்டின்போது மதினியிடம் காட்டினேன். அவர் சாப்பிடும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, இடது கை விரலால் படத்தைப் பெரிதாக்கினார். “இந்த ஹோஸ் செத்து ரொம்ப நாளாச்சு தம்பி. கைக்கு இன்னும் மாட்டி வெச்சிருக்காங்க?” என்றார். ‘கைக்கு’ என்றால் அவர்கள் ஊர் உருதுவில் ‘எதற்கு’. மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த மூன்று நாளும் எனக்குத் திருவிழா போல இருந்தன. மதினி ஒவ்வொரு ஹோஸையும் முதலில் கையால் பிசைந்தார். கல்லாக இறுகிப்போனது ஒரு பக்கம், களிமண்ணாக இளகிப்போனது இன்னொரு பக்கம். காதருகே வைத்து வளைப்பார். உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டால் என்னைக் கூப்பிட்டு என் காதிலும் வைப்பார். பெட்ரோல் வரும் குழாயைத்தான் முதலில் மாற்றினார். “தண்ணி ஒழுகினா நனைவோம். இது ஒழுகினா எரிவோம்” என்றார். நான் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, நீளமும் விட்டமும் அளந்து, கிளிப்பைக் கழற்றிய இடத்தில் ரப்பர் எப்படி இருந்தது என்று எழுதினேன். மொத்தம் ஏழு. ஏழாவது, படகின் அடியிலிருந்து ஏரித் தண்ணீரைப் பம்புக்குக் கொண்டுவரும் ஹோஸ். அதற்குள் சுருள் கம்பி வைத்திருந்தார்கள். கம்பி துருப்பிடித்து ரப்பரை உள்ளிருந்தே குத்திக் கிழித்திருந்தது. மதினி அதை எடுத்து வெளியே எறிந்தார். “கம்பியே நக்கோ, வேணவே வேணாம். எங்க பிரேக் ஹோஸ்ல கம்பியா இருக்கு? துணிப் பின்னல் போட்டதுதான் எத்தனை வருஷமானாலும் நிக்கும்.” செகந்திராபாத் ராணிகஞ்சில் அவருக்குத் தெரிந்த கடையிலிருந்து நல்ல துணிப் பின்னல் ஹோஸ் வந்தது. பணிமனையில் செய்வதுபோல ஒரு முனையை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தார். ஒரு குமிழி கூட வரவில்லை. ஏழுக்கும் நான் டிக் போட்டேன்.

சனிக்கிழமை பதினொன்று இருபதுக்குப் படகை இறக்கினோம். நான் சுக்கானில், மதினி எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில். மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓடியது. சூட்டைக் காட்டும் முள் எழுபதில் நின்றது. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு முழு வேகம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மூன்று நிமிடம் கழித்து முள் நகர ஆரம்பித்தது. எண்பது, தொண்ணூறு, சிவப்புக் கோடு. எஞ்சினை நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எல்லா ஹோஸும் உருண்டையாக, ஒழுகாமல், அழகாக இருந்தன. பாசி அடைத்திருக்கும் என்று வடிகட்டியைக் கழற்றினோம், சுத்தமாக இருந்தது. பம்பைத் திறந்தோம், அதன் ரப்பர் இறக்கைகளில் ஒன்றும் உடையவில்லை. மறுபடி ஓட்டினோம். மறுபடி அதே மூன்று நிமிடம். கரைக்கு வந்தபோது மணி ஒன்று ஐம்பது. என் மகள் பாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டே, “அயிப்போயிந்தா நான்னா?” என்று தெலுங்கில், முடிந்துவிட்டதா அப்பா என்று கேட்டாள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மதினி டீ குடிக்காமல் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் குறிப்பேட்டை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். மெதுவாக ஓடினால், பத்து நிமிடம் ஆனாலும் எழுபது. வேகமாக ஓடினால், இரண்டு தடவையும் மூன்றாவது நிமிடத்தில் ஏற்றம். நிறுத்தினால், எல்லாம் சரி.

“கடைசியா படிச்சத இன்னொரு தடவ படிங்க.”

“நிறுத்தினால் எல்லாம் சரி.”

“ஹவ், ஆமா. நிறுத்தித்தானே பாக்கறோம்?” கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “வாங்க தம்பி. பெட்டிய மூட வேணாம். தொறந்து வெச்சே ஓட்டுங்க.”

காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, படகின் தரையில் குப்புறப் படுத்து டார்ச்சை உள்ளே காட்டினார். நான் வேகத்தைக் கூட்டினேன். சத்தத்தில் அவர் கத்துவது முதலில் புரியவில்லை.

“தம்பி! படுத்துருச்சு! ஹோஸ் படுத்துருச்சு!”

திரும்பிக் குனிந்து பார்த்தேன். அந்த ஏழாவது ஹோஸ், வளைவான இடத்தில், வயிறு முதுகோடு ஒட்டிப்போய்ச் சப்பையாகக் கிடந்தது. பழச்சாறு குடிக்கும்போது அடியில் பழம் சிக்கினால், உறிஞ்ச உறிஞ்ச ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதேபோல. பம்பு வேகமாக உறிஞ்சுகிறது. தாங்கிப் பிடிக்க உள்ளே கம்பி இல்லை. சூட்டில் ரப்பர் இளகியதும் குழாய் மூடிக்கொள்கிறது. வேகத்தைக் குறைத்தேன்.

“எந்திரிச்சிருச்சு! இன்னொரு தடவ கூட்டுங்க!”

கூட்டினேன். படுத்தது. குறைத்தேன். எழுந்தது. நான்கு முறை அப்படிச் செய்தோம். நான்காவது முறைக்கு எந்த அவசியமும் இல்லை. கரையில் இருந்தவர்களுக்கு, ஏரி நடுவில் ஒரு படகு நின்றும் பாய்ந்தும் விளையாடுவதும், அதில் இரண்டு நடுவயதுக்காரர்கள் கத்திச் சிரிப்பதும்தான் தெரிந்திருக்கும். மதினி எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் கரி. “பத்தொம்பது வருஷமா ஊதி ஊதியே பாத்த கை தம்பி. இது உறிஞ்சற ஹோஸ். அந்தக் கம்பிய எதுக்கு வெச்சான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா?” வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்த அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று அன்றைக்கும் தெரியவில்லை; குறிப்பேட்டில் “2.15, காரணம் கிடைத்தது” என்று மட்டும்தான் இருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். இரண்டு இருபத்தைந்துக்கு ஆட்டோ. ராணிகஞ்ச் கடைக்காரர் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். மதினி அதற்கடியில் குனிந்து, “பாயி, தார்வாலா பைப் தேதோ, ஜல்தி!” என்று கம்பி வைத்த குழாயை அவசரமாகக் கேட்டார். கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் ஒரு மீட்டர், புதுக் கிளிப் நான்கு. மூன்று இருபதுக்குப் படகில் இருந்தோம். பழைய ஹோஸை அறுத்து எடுத்தோம். புதியதன் முனை உள்ளே போக மறுத்தது. டீக்கடைக்காரரிடம் வெந்நீர் வாங்கி முனையை அதில் முக்கி, சூடு ஆறுவதற்குள் திருகி ஏற்றினோம். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க. என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு தடவை வழுக்கியது. “இதுக்கும் மணி போட்டு எழுதிக்கோங்க” என்றார் மதினி.

மூன்று நாற்பத்தேழுக்கு முழு வேகம். செயலாளர் படித்துறையில் கடிகாரத்தோடு நின்றார். குழந்தைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். மூன்றாவது நிமிடம்: எழுபது. நான்காவது: எழுபத்திரண்டு. ஐந்து: எழுபத்திரண்டு. ஆறு, ஏழு, எட்டு என்று மதினி குப்புறப் படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தார். முள்ளைப் பார்க்கவில்லை, ஹோஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து. கரையில் எழுந்த கூச்சல் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மறுநாள் பந்தயத்தில் காற்று பலமாக வீசியது. முதலில் கவிழ்ந்தது என் மகளின் படகு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவளே நிமிர்த்திவிட்டாள். ஏன் வந்தீர்கள் என்பதுபோல எங்களைப் பார்த்தாள்.

அந்த வாரமே மதினி இந்தத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சோதனையில் தோற்ற ஹோஸுக்குச் சிவப்பு வளையம் போடுவது அவர் பிரிவின் பழக்கம். “காத்தடிச்சுப் பாத்தா இன்னைக்கும் பாஸ்தான். ஆனா தோத்துருச்சு. எழுதி வெக்கற ஆள்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

அதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. பதவி உயர்வு கிடைத்து மதினி வேறு ஊர்ப் பணிமனைக்குப் போய் இரண்டு வருடம். படகு இன்னும் இருக்கிறது. போன சனிக்கிழமை அதன் ஹோஸ்களை மறுபடி மாற்றினோம். இந்த முறை நான் திருகினேன், என் மகள் கைப்பேசியில் மதினிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏழையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

“மதினி, பாருங்க, எல்லாம் சரியா உக்காந்திருக்கு.”

“நின்னதக் காட்டாதீங்க தம்பி. ஓட்டிக் காட்டுங்க.”

பெட்டியைத் திறந்து வைத்து, முழு வேகத்தில், பத்து நிமிடம். கைப்பேசித் திரையில் ஒரு காக்கிச் சட்டைக் காலரும் அசையாத இரண்டு கண்களும் மட்டும் தெரிந்தன. முடிந்ததும், கழற்றிய கம்பி ஹோஸை வெட்டிக் காட்டச் சொன்னார். கம்பியில் துருப் புள்ளிகள் விழுந்திருந்தன. ரப்பரை இன்னும் குத்தவில்லை.

“இதுக்கும் சிவப்பு வளையம் போட்டுரவா?” என்று கேட்டேன்.

“நக்கோ, நக்கோ! சிவப்பு தோத்ததுக்கு. இது வேலைய முடிச்சிட்டு இறங்குது.”

“அப்ப அந்தப் பழசத் தூக்கிப் போட்டுரலாமா?”

“அது இருக்கட்டும். நான் ரொம்பப் பேசுனா எடுத்துக் காட்டுங்க.”

இப்போது என் மேசையில் இரண்டு துண்டுகள் நிற்கின்றன. கம்பி வைத்தது என் விரலுக்கு அசையவில்லை. சிவப்பு வளையம் போட்டதை அழுத்திப் பிடித்துக்கொண்டே போன சனிக்கிழமைக் குறிப்பை எழுதி முடித்தேன். அந்த வருடத்திலிருந்து என் சோதனைப் பட்டியல்களில் இரண்டு பத்திகள் உண்டு: நின்றபோது, ஓடியபோது. இரண்டாவதில் எழுபத்திரண்டு என்று எழுதிவிட்டு விரலை எடுத்தேன். ஹோஸ் எழுந்துகொண்டது.