ரிவர்ஸ் இல்லாத கார்

ஓய்வு பெற்றதும் மலையில் வீடு கட்டிக்கொண்டு போனது என் யோசனைதான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காலமெல்லாம் புகையையும் புரோக்கர்களையும் சுவாசித்தவனுக்கு ஜவ்வாது மலைக் காற்று தேவை என்று எனக்கு நானே அனுமதி வழங்கிக்கொண்டேன். என் மனைவிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடக்கும் என்பதை அப்போது பரிசீலிக்கவில்லை.

அறுவைக்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் ஆலங்காயத்தில் பயிற்சி. விட்டுவிட்டால் முட்டி மடங்காமலே இறுகிப்போகும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் கண்டித்துச் சொல்லியிருந்தாள். பஸ் நிற்கும் இடம்வரை செங்குத்தான இறக்கம். மனைவியால் நடக்க முடியாது. எங்கள் பாதைக்கு ஒருமுறை வந்த வாடகைக் கார்க்காரர் மறுமுறை போனை எடுப்பதில்லை. மிச்சமிருந்தது எங்கள் பழைய சின்னக் கார். அதன் என்ஜினும் அந்த மாதமே இறுகிவிட்டது. வேறு வாங்கும் வசதியை வீடு தின்றிருந்தது.

ஆலங்காயத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் மைத்துனன் வந்து பார்த்தான். ஒரு பைக் என்ஜின் கடையில் சும்மா கிடப்பதாகவும், அதைக் காரில் வைத்துவிடலாம் என்றும் சொன்னான். நான் அவனுக்கு நடைமுறையை விளக்கினேன்: முன் அனுமதி, ஆய்வு, பதிவுச் சான்றில் திருத்தம், காப்பீட்டுக்குத் தகவல். பொறுமையாகக் கேட்டான்.

"கேட்டா குடுப்பாங்களா மாமா?"

"குடுக்க மாட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

அலுவலகத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி எங்கள் இருவரையும் பார்க்காமல், "வெச்சுட்றா" என்றாள்.

வைத்துவிட்டான். காலால் மாற்ற வேண்டிய கியருக்கு ஒரு கம்பியைப் பற்றவைத்துக் கைக்குக் கொண்டுவந்தான். கார் ஓடியது, தூரத்தில் கேட்பவர்களுக்கு பைக்காகவும், பார்ப்பவர்களுக்குக் காராகவும். எல்லாம் முடிந்த பிறகுதான் பைக் என்ஜினில் ரிவர்ஸ் கிடையாது என்பது எனக்கு உறைத்தது. கேட்டேன்.

"இது மலை மாமா. ரிவர்ஸ மலையே போட்டுக்கும்" என்றான்.

அதுவும் நடந்தது. எங்கே நிறுத்தினாலும் மூக்கு மேட்டைப் பார்க்க வேண்டும். பிரேக்கை விட்டால் வண்டி தானாகப் பின்னால் வரும். சமதளம் எங்களுக்குப் பகையானது. ஆலங்காயத்தில் சரிவான இடம் தேடி வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்து ஆட்டோவில் போனோம். எதிரே காக்கிச் சட்டை தெரிந்தால் நான் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன். பிடிக்கப்பட்டால் என்னென்ன பிரிவுகளில் வழக்கு வரும் என்பது பிடிப்பவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான வளைவில் பஸ் எதிரே ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். விதி என் பக்கம் இல்லை; சரிவும் இல்லை.

டிரைவர் தலையை நீட்டினார். "சார், ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி வுடணும். கொஞ்சம் பின்னால எடுங்க."

"பின்னால போவாது."

"ரிவர்ஸ் வுழலியா?"

"ரிவர்ஸே இல்ல."

அவர் இறங்கிவந்து முன்மூடியைத் தட்டிப் பார்த்தார். "ரொம்ப நேரமா பைக் சத்தம் கேக்குது, பைக்கதான் காணோமேன்னு பாத்துனு வந்தேன்" என்றார்.

பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் இறங்கினார்கள். என் மனைவியால் இறங்க முடியாது. பின்சீட்டில் காலை நீட்டியபடி இருந்தாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திரும்பி உட்கார்ந்தேன். முன்னால் கை வைத்தவர்களில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். தன் வேனில் பின்னால் இரண்டு சீட்டு சேர்த்ததற்குத் தகுதிச் சான்று தராமல் அனுப்பியது நான்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நம்மள திருப்பி அனுப்பினவருப்பா. இன்னிக்கி நாம அனுப்பலாம், தள்ளுங்க."

சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். பெண்கள் கூடவே நடந்து, சன்னல் வழியாக முட்டியைப் பற்றி விசாரித்தார்கள். பாதை அகலும் இடம்வரை நான் பின்பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பஸ் எங்களைக் கடந்தபோது டிரைவர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் தாண்டி, பயிற்சிப் பெண் அடுத்த ஊரில் பயிற்சி கொடுக்கக் கிளம்பிவிட்டிருந்தாள். அடுத்த முறை முட்டி முன்பைவிடக் குறைவாகத்தான் மடங்கியது. அன்று என் மனைவி அழுததை முதல்முறையாகப் பார்த்தேன்.

அதிலிருந்து பயிற்சி நாட்களில் பஸ் மேலே வந்து சேர்ந்ததும், பாதை காலி என்று டிரைவர் கூப்பிடுவார். அதுவரை நாங்கள் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருப்போம். வீட்டுக்குள் காத்திருக்கலாம்; ஆனால் போன் வந்த பிறகு வலியோடு அவள் ஏறி உட்காருவதற்குள் பயிற்சி நேரம் போய்விடும். சொந்த வீட்டு வாசலில், சொந்தக் காரில், இன்னொருவர் விடுவிக்கும்வரை.

போன வாரம் போன் வந்தது. பஸ் இன்னும் ஆலங்காயத்திலேயே பஞ்சராகி நிற்கிறது, ஸ்டெப்னி மாட்டியதும் கிளம்பிவிடும், எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது என்றார் டிரைவர். அவரை மீறிப் போகக்கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடு. மனைவியிடம் சொன்னேன்.

"அவரு மாட்றதுக்குள்ள எறங்கிட்லாம்" என்றாள்.

"நடுவுல வந்துட்டா?"

"தள்ளுவாங்க. இந்த முட்டிய யாரு தள்ளுவா? எடுங்க."

பிரேக்கை விட்டேன். முதல் வளைவில் ஹாரனில் வைத்த கையை அடிவாரம் வரும்வரை எடுக்கவில்லை.