ஆக்னலுக்கு வைத்த பூசை

பீடத்துணிக்குக் கஞ்சி போடுவதில் செண்பகனூர்த் தெரசம்மாளுக்கு இணை கிடையாது. பங்குக் கோயில் வெள்ளைத்துணி அத்தனையும் முப்பது வருஷமாக அவள் கையால் வெளுத்ததுதான். அந்தக் கைதான் போன கல்லறைத் திருநாளில், இறந்தோர் பெயர்த் தாளில் தம்பி ஆக்னலின் பெயரை எழுதிப் போட்டது.

ஆக்னல் கோவாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவன். ஏழு வருஷமாகப் போன் இல்லை, கடுதாசி இல்லை. "ஆத்மா அலையக் கூடாதுல்ல" என்று பெரியம்மா மகள் முதல் கொழுந்தன் பெண்டாட்டி வரை நச்சரித்தார்கள். எழுதினாள். பங்குச் சாமியாரும் பெயரை வாசித்து அவன் ஆத்துமத்துக்குப் பூசை வைத்தார்.

தை மாசம், காய்கறி லோடு ஏற்ற வரும் கன்னிவாடி டிரைவர் பொன்னுவேல் சொன்னான்: "அக்கா, போன மாசம் ஒங்க தம்பிய கோவாவுல பெரிய கோயில் வாசல்ல பாத்தேன். தாடி வச்சிருக்காரு."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பங்கிலிருந்து கோவாவுக்கு யாத்திரை வண்டி என்றதும் முதல் ஆளாக ஏறினாள்.

நூற்றாண்டுகள் கண்ட கோயில் அது. உள்ளே போனதும் கூட்டம் அண்ணாந்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் தங்கம் பூசிய பீடம். துணியைப் பிழிந்த முறுக்கில் தூண்கள். இண்டு இடுக்கில்லாமல் இறக்கை விரித்த சம்மனசுகள்.

"ஏ தெரசா, மேல பாரு! அந்தச் சம்மனசுக்கு ஒம் மூஞ்சி" என்றாள் கூட வந்த ஆக்ஸிலியா.

தெரசம்மாள் ஒவ்வொரு தாடியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடத்துணி கோணலாகக் கிடந்தது. அதுகூட அவள் கண்ணில் படவில்லை.

வாசலில் மெழுகுவர்த்தி விற்ற சேனாதிபதி, வேடசந்தூர்க்காரன். அவனிடம் போட்டோவைக் காட்டினாள்.

"ஆக்னல் அண்ணனா? இங்கதான் பெஞ்சு தொடச்சிட்டிருந்தாரு. மார்கழியில போயிட்டாரு."

"எங்கய்யா?"

"தெரியலைங்க. அவரு ஊருக்குக் காய்கறி ஏத்தப் போற லாரிக்காரன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொன்னான், 'யோவ், ஒனக்கு ஊர்ல பூசை வச்சு முடிச்சாச்சு'ன்னு. கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வரத்தான் சட்டை எடுத்து வச்சிருந்தாருங்க. 'பூசை வச்ச வீட்டுக்குள்ள எப்பிடிய்யா போறது'ன்னாரு. மறுநாள் ஆளைக் காணோம். சட்டை இங்கதான் கெடக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவள் போட்டோவை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

"ஊர்க்காரி" என்றாள். "சட்டையக் குடுய்யா. அவங்க அக்காகிட்ட சேத்துடுறேன்."

வண்டியில் ஆக்ஸிலியா கேட்டாள், "யாரு சட்டைடி?"

"ஆக்னலோடது. ஏ, வச்ச பூசையத் திரும்ப எடுக்கச் சொல்லி சாமியார்கிட்ட கேக்கலாமா?"

ஹூப்ளி தாண்டியும் தெரசம்மாள் அந்தப் புதுச்சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தாள்.